ஓடிபி யாருக்குப் போகிறது?

இணையவழித் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று சொல்லித் தருவதே இன்று ஒரு தொழிலாகிவிட்டது. மகளிர் தின விழாவுக்கு ஒரு பயிற்றுநர் வருகிறார். கல்லூரித் தொழில்முனைவோர் மன்றத்துக்கு இன்னொருவர் வருகிறார். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வேறொருவர். ஆட்கள் மாறினாலும் பட்டியல் மாறுவதில்லை. தன்னம்பிக்கை, விடாமுயற்சி, ரிஸ்க் எடுக்கும் துணிச்சல், நேர மேலாண்மை, தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் பக்குவம், நேர்மறைச் சிந்தனை. முடிவில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "என்னால் முடியும்" என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வைப்பார்கள். மாணவிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பிறகு சமோசாவும் தேநீரும்.

பட்டியலில் உள்ள குணங்கள் எதுவும் கெட்ட குணமில்லை. எனக்கு அவற்றோடு சண்டையும் இல்லை. ஒரு பெண்ணின் கடை மூடப்பட்டால் அதற்கான காரணத்தை அவளுடைய மனதுக்குள்ளேயே தேடச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிறார்களே, அந்த வசதியோடுதான் சண்டை. மைண்ட்செட் என்பதைத் தமிழில் மனநிலை என்கிறார்கள். நம் ஊரில் கேள்வி கேட்ட பெண்களுக்கெல்லாம் "மனநிலை சரியில்லை" என்று பட்டம் கட்டிய வரலாறு நீண்டது. இப்போது கடை நடத்தி நட்டப்பட்டவளுக்கும் அதே சொல், கொஞ்சம் மரியாதையான தொனியில்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' இருந்தது. அண்ணன்மார் அடிக்கோடிட்டுப் படித்தார்கள். அந்தக் காலத்தில் முன்னேற்ற நூல்கள் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. பிறகு கூப்பிடத் தொடங்கினார்கள். 2013இல் அமெரிக்காவில் ஷெரில் சாண்ட்பெர்க்கின் 'லீன் இன்' வந்தது. பெண்கள் தங்களுக்குள் இருக்கும் தடைகளைத் தாண்டி மேசைக்கு நெருங்கி உட்கார வேண்டும் என்பது அதன் செய்தி. கறுப்பினப் பெண்ணியரான பெல் ஹூக்ஸ் அதே ஆண்டில் அதை மறுத்து எழுதினார். இனமும் வர்க்கமும் இல்லாத ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு பேசுகிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நம் ஊருக்கு வந்து சேர்ந்ததோ சாண்ட்பெர்க்கின் பேச்சு மட்டும்தான். அதுவும் மேசையே இல்லாத பெண்களிடம்.

நேர மேலாண்மையை எடுத்துக்கொள்வோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எதிர் ஒன்றரை மணி நேரம். 2019 ஆய்வில் இது 299க்கு 97. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! குழந்தையைப் பார்ப்பதும் படுத்திருக்கும் பெரியவர்களைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் இல்லை, அது தனி. இப்படி ஒருத்தியிடம் "நேரத்தை மேலாண்மை செய்யுங்கள்" என்றால் என்ன பொருள்? அவள் எதைச் செய்யாமல் விடலாம் என்று பயிற்றுநர் சொல்வதில்லை. ஐந்து மணிக்கு எழுகிறவளை நாலரைக்கு எழச் சொல்வார்.

வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறவளுக்கு வியாபாரம் சூடுபிடிப்பது ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். வாங்குகிற பெண்களும் அப்போதுதான் அடுப்படியை விட்டு வெளியே வருகிறார்கள். "இந்த கலர் இருக்கா சிஸ்டர்?", "பார்டர் க்ளோசப் போடுங்க", "லாஸ்ட் ரேட் சொல்லுங்க". பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் அவர்கள் அடுத்த குழுவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் தோசைக் கல்லில் மாவு ஊற்ற வேண்டும், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். "வீட்டிலிருந்தபடியே சம்பாதியுங்கள்" என்ற வாசகத்தை நான் வேறு மாதிரிதான் படிக்கிறேன். வீட்டில் ஒரு துரும்பும் இடம் மாறாது, யாரும் ஒரு தட்டைக்கூடக் கழுவிவைக்க வேண்டியதில்லை, வருமானம் மட்டும் கூடுதலாக வரும். அந்த வாசகம் பெண்ணிடம் பேசவில்லை. அவள் வீட்டாரிடம் பேசுகிறது.

அடுத்தது போன். இணையத்தில் கடை போட இணையம் வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57. இன்றைக்கு எண்கள் கூடியிருக்கலாம். ஆனால் போன் இருப்பதும் அது அவளுடையதாக இருப்பதும் ஒன்றல்ல. என் வகுப்பில் இரண்டாமாண்டு படித்த ஒருத்தி பட்டு நூல் வளையல் செய்து விற்றாள். கைவேலை அத்தனை நேர்த்தி. சீமந்தத்துக்கு, வளைகாப்புக்கு என்று ஆர்டர் வந்துகொண்டிருந்தது. கடை இருந்தது அண்ணன் போனில். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். கடையும் திருப்பூருக்குப் போய்விட்டது. பயிற்றுநரைக் கேட்டால் விடாமுயற்சி போதவில்லை என்பார்.

இன்னொருத்தி பழைய மாணவி, மணமானவள். இளம்பிள்ளைச் சேலைகளை எடுத்து விற்றாள். வங்கிக் கணக்கு அவள் பெயரில்தான் இருந்தது. கணக்கோடு இணைந்த கைபேசி எண் கணவருடையது. கல்யாணமான புதிதில் அவர்தான் வங்கிக்குக் கூட்டிப்போய்க் கணக்குத் திறந்து கொடுத்தார், தன் எண்ணையே எழுதினார், அதில் யாருக்கும் எந்தத் தவறும் தெரியவில்லை. பிறகு யூபிஐ அந்த எண்ணில்தான் ஓடியது. பணம் வந்தால் தகவல் அவருக்குப் போகும். ஓடிபி அவருக்குப் போகும். அடுத்த சரக்குக்கு வைத்திருந்த தொகை இரண்டு முறை "அவசரத்துக்கு" எடுக்கப்பட்டது. கேட்டபோது, "நமக்குள்ள என்ன உன் காசு என் காசு" என்றார். மூன்றாவது முறை சரக்கு எடுக்கப் பணமில்லை. கடை நின்றது. "எனக்கு பிசினஸ் மூளை இல்ல மேடம்" என்று அவள் என்னிடம் சொன்னாள். முதல் போட்டு, சரக்குத் தேர்ந்து, நூற்றுக்கணக்கான பேரைப் பேசிப் பிடித்து விற்றவள் சொன்னது இது. அவளுடைய பணம் எடுக்கப்பட்டது என்பதை அவளுடைய மூளைக் குறைவாக மாற்றிக் கொடுத்தது யார்? மேடையில் நின்று குணங்களின் பட்டியல் வாசித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. மகளிருக்குக் கடன் எளிது, மானியம் கூடுதல் என்பதால் மனைவி பெயரில் தொழிலைப் பதிவு செய்துவிட்டு, கணவரே நடத்துவார். உத்யம் சான்றிதழில் அவள் உரிமையாளர், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் அதே கதைதான். தவணை தவறினால் மட்டும் வங்கிக்காரர் அவளைத் தேடி வருவார்.

ரிஸ்க் எடுக்கும் துணிச்சலைப் பற்றியும் பேச வேண்டும். ஆண் தொழிலில் நட்டப்பட்டால் அது அனுபவம், பெண் நட்டப்பட்டால் "அப்பவே சொன்னேன்ல". அவன் எதை வைத்து ரிஸ்க் எடுக்கிறான்? பெரும்பாலும் அப்பாவின் வீட்டுப் பத்திரம், அல்லது மனைவியின் நகை. அவள் எதை வைத்து எடுப்பாள்? அதே நகையைத்தான், அது அடகுக் கடையிலிருந்து எப்போதாவது திரும்பி வந்திருந்தால். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989லேயே சட்டத் திருத்தம் வந்தது. நாடு முழுக்க 2005இல் வந்தது. ஆனால் தாத்தா சொத்துப் பிரிக்கும் நாளில் அக்கா தங்கைகள் வரிசையாகப் பதிவு அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்களே, அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். சொத்தை விடுதலை செய்துவிட்டு வந்தவளிடம் முதலீட்டுத் துணிச்சல் பற்றி வகுப்பெடுப்பது கொடுமை. எந்தப் பயிற்சிக் கூட்டத்திலாவது ஒருவர் எழுந்து, "பிள்ளைகளா, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அதுதான் உங்கள் முதல்" என்று சொன்னால் அவரை நான் பயிற்றுநர் என்பேன்.

"கேமரா கூச்சத்தை விடுங்கள், முகத்தைக் காட்டி விற்றால்தான் விற்கும்" என்பது இன்னொரு பாடம். அகநானூற்றில் அம்மூவனார் பாடிய ஒரு நெய்தல் பாட்டு உண்டு, 140ஆம் பாட்டு. உமணர் மகள் ஒருத்தி வளையல் ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்கு ஈடாக உப்பு என்று சேரியில் விலைகூறி விற்கிறாள். வேற்றுக் குரல் கேட்டு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். பாட்டைச் சொல்பவன் தலைவன், தன் பாங்கனிடம் சொல்கிறான். அந்த மிரண்ட கண்களைப் பார்த்து அவனுக்குக் காதல் நோய் வந்துவிட்டது. முதுகலை வகுப்பில் இதைப் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். உவமை அழகு, உள்ளுறை எல்லாம் பேசுவோம். அன்றைக்கு உப்பு விற்றதா என்ற கேள்வியைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

இன்ஸ்டாகிராமில் நேரலையில் நைட்டி விற்கும் பெண்ணுக்கு நடப்பதும் இதேதான். நாய்கள் குரைக்கின்றன. உப்பைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிறவர்கள் உள்பெட்டிக்கு வருகிறார்கள். "சேலையை நீங்களே கட்டிக் காட்டுங்க", "விலை எவ்வளவு, சேலைக்கில்ல". வாங்குகிறவர்போல் பேசி எண்ணை வாங்கிக்கொண்டு நடு ராத்திரியில் வீடியோ அழைப்பு. இதைக் கண்டு ஒருத்தி பின்வாங்கினால் அதற்குப் பெயர் கூச்சமா? கூச்சம் அவளுடைய குறை. குரைப்பது யாருடைய குறை?

முகம் மட்டுமில்லை, முகவரியும் கேட்கிறது தொழில். பொட்டலம் கட்டி விற்கும் பொருளின் மேல் தயாரிப்பவரின் பெயரும் முழு முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைக் கேட்கின்றன. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளங்கள் விற்பவரின் முகவரியையும் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான விதிகள்தான், நானும் ஊறுகாய் வாங்குகிறவள். ஆனால் வீட்டிலேயே தொழில் செய்கிறவளுக்குத் தொழிற்சாலை முகவரியும் குழந்தை தூங்கும் வீட்டு முகவரியும் ஒன்று. நடு ராத்திரி வீடியோ அழைப்பு விடுத்தவனுக்கும் அந்த முகவரி கிடைக்கும். குழுவாகச் சேர்ந்து ஒரு பொது இடத்தை எடுத்தால் ஒழிய இதற்குத் தீர்வில்லை. தன்னம்பிக்கை இங்கே ஒன்றும் செய்யாது.

தமிழ்நாட்டில் முகவரி என்பது சாதியும்தான். தெருப் பெயரைப் பார்த்தவுடன் ஆளை அளந்துவிடுகிற சமூகம் இது. 'காலனி' என்ற சொல் ஒரு வசைபோல் ஆகிவிட்டது என்பதால்தான் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இந்தச் சந்தையில் 'பிராமணாள் வீட்டு' சாம்பார்ப் பொடி என்றால் சாதியே விளம்பரம். தலித் பெண் ஒருத்தி அதைவிட மணமாக அரைத்தாலும் தன் வீட்டுப் பெயரைப் போட்டு விற்க முடியுமா? அவள் பொட்டலத்தில் ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சடிக்கிறாள். "உங்களை நீங்களே ஒரு பிராண்டாக நினையுங்கள்" என்கிறார் பயிற்றுநர். ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்க வேண்டும்.

சரி, பெண்களிடம் வளர வேண்டிய குணம் எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மேடைப் பட்டியலில் அது இருக்காது. முதலாவது, காசு கேட்கும் திமிர். பொடி, ஊறுகாய், தொக்கு விற்கும் பெண்களின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு, மில் கூலி, பை, ஸ்டிக்கர், கூரியர் என்று பைசா சுத்தமாக இருக்கும். காயவைத்து, வறுத்து, ஆறவைத்து, சலித்து, அடைத்த அவளுடைய கூலிக்கு அதில் பத்தியே இருக்காது. மில்காரருக்குக் கூலி உண்டு, கூரியர்காரருக்குக் கூலி உண்டு, அவளுக்கு மட்டும் 'லாபம்'. வீட்டில் எந்த வேலைக்கு விலையில்லையோ அதே வேலையைத்தான் அவள் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஆகவே விலைபோடக் கை வரவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் "நல்லாருக்கேம்மா, இன்னொரு பாட்டில் குடேன்" என்பார்கள். அப்போது "இருநூற்று ஐம்பது ரூபாய் சித்தி" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். சித்தி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் எனக்கு மிகவும் பிடித்தவள். விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்துக்கு உணவளிக்கிறாள். நெய் விலைக்குப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். பதிலுக்குப் பால் எருமையும் நல்ல பசுவும் எருமைக் கன்றும் பெறுவாள். நகைக்கும் முதலுக்கும் வித்தியாசம் தெரிந்தவள். இவளுக்கு எந்தப் பயிற்றுநர் மைண்ட்செட் கற்றுக் கொடுத்தார்? சீட்டுப் பிடித்து, சிறுவாடு சேர்த்து, அரிசிப் பானைக்குள் காசு ஒளித்து வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றிய நம் பாட்டிகளுக்கும் இது தெரியும். வியாபாரக் குணம் நம்மிடம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது.

நேர்மறைச் சிந்தனைக்கு நேர் எதிரான சந்தேகமும் வேண்டும். பணம் அனுப்பியதாகப் போலித் திரைப்பிடிப்பு அனுப்புகிறார்கள். அதை நம்பிச் சரக்கை அனுப்பிவிட்டு அழுதவர்கள் ஏராளம். திரையைப் பார்க்காதே, கணக்கைப் பார். பொருள் வந்தபின் காசு என்று ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர்காரர் வரும்போது "வேண்டாம்" என்று திருப்புகிறார்கள். போகவும் வரவும் செலவு இவள் தலையில். முன்பணம் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்ல "எல்லாரும் நல்லவர்களே" என்ற மனநிலை உதவாது.

"ஜெயித்த பெண்கள் இல்லையா?" என்ற கேள்வியும் வரும். இருக்கிறார்கள், அவர்களை எண்ணி மகிழ்கிறேன். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் போய், பிள்ளையை யார் பார்த்தார்கள், முதல் சரக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது, பார்சலைக் கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோன வண்டி யாருடையது என்று கேளுங்கள். ஒரு அம்மா, ஒரு நாத்தனார், ஒரு தோழி வெளிவருவார்கள். மேடையில் அந்தப் பெயர்கள் காணாமல் போய், அவளுடைய 'மனவலிமை' மட்டும் மிஞ்சும். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கியதுதான் லிஜ்ஜத். ஏழு பேர் என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுக்களும் தனியொருத்தியின் மனநிலையை நம்பி உருவாக்கப்பட்டவை அல்ல. பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருத்தி வீட்டுக் கணவர் பணத்தை எடுக்கக் கொஞ்சம் யோசிப்பார் என்ற நடைமுறை அறிவு அதில் இருந்தது. அந்தக் குழுக்களும் பிறகு கடன் வசூல் இயந்திரங்களாக மாறிய கதை உண்டு. அதைத் தனியே எழுத வேண்டும்.

மாணவிகள் தொழில் தொடங்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடங்குங்கள். அதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள், வங்கிக் கணக்கில் அந்த எண்ணை மாற்றுங்கள், ஓடிபி உங்கள் கைக்கு வரட்டும். கணக்கு நோட்டில் உங்கள் கூலிக்கு ஒரு பத்தி போடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள்.

கல்லூரிகளில் கூட்டம் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குப் பதில் ஒரு வங்கி ஊழியரைக் கூப்பிடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பதிவு எப்படிச் செய்வது என்று காட்டட்டும். விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு விற்பனையாளருக்கு 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவில் விலக்கு உண்டு என்பதையும், ஓசூர் தாண்டிப் பெங்களூருக்கு ஒரு விசைத்தறிச் சேலை அனுப்பினால் பதிவு தேவைப்படும் என்பதையும் ஒரு வரி ஆலோசகர் சொல்லட்டும். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கடை தொடங்கி மூடிய ஒரு பெண்ணையும் அழைத்துப் பேச வையுங்கள். அவளுக்கு வழிச்செலவும், பேசியதற்கான தொகையும் கொடுங்கள். அவளே இயக்கும் கணக்கில்.